தலைசுற்றலுக்கு அக்குபங்சர்: ஆய்வறிக்கையின் தரத்தை வரிவரியாகச் சரிபார்ப்பது எப்படி?

தலைசுற்றலுக்கு அக்குபங்சர் பலன் தருமா என்று தேடிப் போகிறவர், சீக்கிரமே வேறொரு கேள்வியில் வந்து நிற்பார். அறிக்கையில் எழுதியிருப்பதை வைத்து, அங்கே என்னதான் செய்தார்கள் என்று சொல்ல முடியுமா? ஊசி எங்கே குத்தினார்கள், எவ்வளவு ஆழம், குத்தியவர் யார், நோயாளிக்கு இருந்தது எந்த வகைத் தலைசுற்றல், எந்தக் குழுவில் யார் என்று முடிவானது எப்படி? இந்த விவரங்கள் எழுத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் அறிக்கைத் தரத்தை மதிப்பிடும் வேலை. இதில் முதன்முறை இறங்குபவர்களுக்காக எழுதியது இது.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆய்வை ஒழுங்காகச் செய்வது ஒன்று, செய்ததை ஒழுங்காக எழுதுவது இன்னொன்று. நல்ல ஆய்வை மோசமாக எழுதியவர்கள் உண்டு. மோசமான ஆய்வை அழகாக எழுதியவர்களும் உண்டு. நீங்கள் மதிப்பெண் போடுவது எழுத்துக்கு. ‘இவர்கள் செய்திருப்பார்கள், எழுத விட்டுப்போயிருக்கும்’ என்று இரக்கப்பட்டு ஒரு ‘உண்டு’ போட்டால், அந்த நொடியே மதிப்பீடு கெட்டுவிடும். குழப்பம் வரும் இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி போதும்: இந்த அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வேறோர் ஊரில் இருக்கும் அக்குபங்சர் மருத்துவர் அதே சிகிச்சையை அப்படியே திரும்பச் செய்ய முடியுமா?

எந்தப் பட்டியல், எந்தப் பதிப்பு

இரண்டு சரிபார்ப்புப் பட்டியல்கள் தேவை. யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல்போல முடிவு செய்யும் ஆய்வுகளைச் சமவாய்ப்பு ஆய்வுகள் என்பார்கள். அவற்றுக்கான பொதுப் பட்டியல் கன்சார்ட். 1996-ல் வந்தது, 2001, 2010, 2025 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2010 பதிப்பில் 25 தலைப்புகள், உட்பிரிவுகளாக எண்ணினால் 37. 2025 பதிப்பில் 30 தலைப்புகள். அக்குபங்சருக்கென்றே இருப்பது ஸ்ட்ரிக்டா. இதன் முதல் வடிவம் 2001-ல் வந்தது. 2010-ல் திருத்தி, கன்சார்ட்டின் நீட்சியாகவே வெளியிட்டார்கள். அதில் 6 தலைப்புகள், 17 உட்பிரிவுகள்.

எந்தப் பதிப்பை எடுக்கிறீர்கள் என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். 2006-ல் வெளியான அறிக்கையை 2010 பட்டியலால் அளக்கலாம், தவறில்லை. ஆனால் ‘விதியை மீறினார்கள்’ என்று எழுதக் கூடாது. அந்த விதி அப்போது இல்லை. பழைய அறிக்கைகளையும் புதியவற்றையும் தனித்தனியாகத் தொகுத்துக் காட்டினால் பட்டியல் வந்த பிறகு எழுத்து மாறியதா என்பதும் தெரியும்.

ஆய்வைச் செய்த விதத்தால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்குமா என்ற ஒருசாய்வு அபாயத்தை மதிப்பிட, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ரோப் 2 என்ற கருவி இருக்கிறது. அது வேறு வேலை, வேறு தாள். மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விரிதாளில் அறிக்கைக்கு ஒரு வரிசை, உட்பிரிவுக்கு இரண்டு பத்திகள் என்று அமைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் விடை: உண்டு, அரைகுறை, இல்லை, பொருந்தாது. இரண்டாவதில் அந்த விடைக்கு ஆதாரமான வாக்கியத்தை அப்படியே ஒட்டி, பக்க எண் போடுங்கள். இரண்டாவது பத்தி சலிப்பூட்டும். ஆனாலும் விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து ‘இதற்கு ஏன் உண்டு போட்டோம்’ என்று கேள்வி வரும்போது கைகொடுப்பது அதுதான்.

எந்தத் தலைசுற்றல்?

தலைசுற்றல் என்பது அறிகுறி. அதற்குக் கீழே பல நோய்கள் இருக்கின்றன. உட்காதின் கால்சியத் துகள்கள் இடம்பெயர்வதால் வரும் பிபிபிவி-யில் சுற்றல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். உட்காதைப் பாதிக்கும் மெனியர் நோயில் ஒரு தாக்குதல் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீளும். கேட்கும் திறனும் குறைந்திருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலியோடு தொடர்புள்ள வெஸ்டிபுலர் மைக்ரேனில் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம். சமநிலை நரம்பைத் தாக்கும் வெஸ்டிபுலர் நரம்பழற்சியில் நாள்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க வேண்டிவரும். சமநிலைக் கோளாறுகளை ஆராய்பவர்களின் சர்வதேச அமைப்பான பாரனி சங்கம் இவற்றுக்கெல்லாம் நோயறி வரையறைகளை வெளியிட்டிருக்கிறது: வெஸ்டிபுலர் மைக்ரேனுக்கு 2012-ல், மெனியருக்கும் பிபிபிவி-க்கும் 2015-ல்.

ஆகவே ‘தலைசுற்றல் உள்ள 60 நோயாளிகள்’ என்று மட்டும் எழுதியிருந்தால், சேர்ப்பு விதிகளுக்கான உட்பிரிவில் ‘அரைகுறை’கூடத் தாராளம். எந்த வரையறை, எந்த ஆண்டுப் பதிப்பு, யார் பரிசோதித்தார், எந்தச் சோதனை என்பதைத் தேடுங்கள். பிபிபிவி என்றால், தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்து, கண்மணிகள் தாமாகத் துடிப்பதைப் பார்த்தார்களா? மெனியர் என்றால் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் உண்டா? கழுத்து எலும்பால் வரும் தலைசுற்றல், பின்மூளை ரத்த ஓட்டக் குறைவால் வரும் தலைசுற்றல் என்ற பெயர்கள் இந்தத் துறை அறிக்கைகளில் அடிக்கடி வரும். கழுத்துவழித் தலைசுற்றல் தனி நோய்தானா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் மற்ற காரணங்களை எப்படி விலக்கினார்கள் என்பது அங்கே கட்டாயம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நோய் எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிபிபிவி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். நரம்பழற்சியின் கடுமையும் நாள்பட நாள்படக் குறையும். சராசரி நோய்க்காலத்தைச் சொல்லாத அறிக்கையில், ஊசி குணமாக்கியதா காலம் குணமாக்கியதா என்று எண்ணிப் பார்க்கவே வழியில்லை.

குலுக்கல்: சொல்லும் செயலும்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. தலைப்பிலேயே ‘சமவாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வு’ என்று இருக்கும். உள்ளே ‘நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்’ என்று ஒரு வரி. அதோடு சரி. அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது. மூன்று தனித்தனி விவரங்கள் வேண்டும்.

முதலாவது, வரிசை உருவான விதம். கணினி நிரலா, சமவாய்ப்பு எண் அட்டவணையா? தொகுதிகளாகப் பிரித்திருந்தால் தொகுதியின் அளவு என்ன? ‘வந்த வரிசைப்படி ஒற்றை எண் இங்கே, இரட்டை எண் அங்கே’ என்றோ, பிறந்த தேதிப்படி என்றோ இருந்தால், விவரம் எழுதியிருக்கிறார்கள் என்பதால் அறிக்கைத் தரத்தில் ‘உண்டு’. அது உண்மையான சமவாய்ப்பு இல்லை என்பதை ரோப் 2 தாளில் எழுதுங்கள். எழுத்தும் செயலும் பிரியும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது, ஒதுக்கீட்டை மறைத்தல். அடுத்து வருபவர் எந்தக் குழு என்பது அவரைச் சேர்த்துக்கொள்பவருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. ‘வரிசை எண்ணிட்ட, ஒளி ஊடுருவாத, ஒட்டி மூடிய உறைகள்’ என்பது முழு விவரம். வெறுமனே ‘உறைகள்’ என்றால் அரைகுறை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சிகிச்சையின்போது மறைப்பதோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். ஒதுக்கீட்டை மறைப்பது நோயாளி குழுவுக்குள் நுழையும் வரைக்கும். மற்றது நுழைந்த பிறகு. ஊசி குத்துபவரிடமிருந்து சிகிச்சையைப் பெரும்பாலும் மறைக்க முடியாது. ஒதுக்கீட்டை எந்த ஆய்விலும் மறைக்கலாம்.

மூன்றாவது, யார் வரிசையை உருவாக்கினார், யார் நோயாளிகளைச் சேர்த்தார், யார் ஒதுக்கினார். மூன்றும் ஒருவரே என்றால் மறைப்பு எப்படிச் சாத்தியமானது என்ற கேள்வி எழும். பெரும்பாலும் இந்த வரியே அறிக்கையில் இருக்காது.

இவ்வளவு கறார் தேவையா என்று தோன்றலாம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், சீன ஆய்விதழ்களில் ‘சமவாய்ப்பு’ என்று வெளிவந்த 2235 அறிக்கைகளின் ஆசிரியர்களிடமே தொலைபேசியில் விசாரித்தார்கள். உண்மையான சமவாய்ப்பு முறையைப் பின்பற்றியவை என்று தேறியவை 207. மீதமுள்ளவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஊசி விவரம்: ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

அறிக்கைகளில் வழக்கமாகக் காணப்படும் பாணியில் ஒரு வாக்கியம்:

‘ஜிபி 20, ஜிவி 20, பிசி 6 ஆகிய புள்ளிகளில் ஊசி குத்தி, தே சீ உணர்வு வந்தபின் 30 நிமிடம் வைத்திருந்தோம், நாளுக்கு ஒருமுறை.’

படிக்கும்போது நிறைவாகத்தான் தெரிகிறது. ஸ்ட்ரிக்டாவின் இரண்டாம் தலைப்பில் உள்ள ஏழு உட்பிரிவுகளை வைத்துப் பாருங்கள். புள்ளிகளின் பெயர் இருக்கிறது. ஒரு பக்கமா இரு பக்கமும்-ஆ என்பது இல்லை. ஜிவி 20 நடு உச்சியில் ஒன்றே ஒன்று. ஜிபி 20 பின்கழுத்தில் இரு பக்கமும் உண்டு. பிசி 6 இரு முன்கைகளிலும் உண்டு. ஆகவே ஊசிகள் மூன்றா ஐந்தா என்று தெரியவில்லை. எண்ணிக்கை உட்பிரிவும் போயிற்று. ஆழம் இல்லை. ஜிபி 20-ல் இது வெறும் சம்பிரதாய விவரம் கிடையாது. மண்டையோட்டின் அடியில், முகுளத்துக்கு அருகில் உள்ள புள்ளி அது. மூக்கு நுனியை நோக்கிக் குத்த வேண்டும் என்று பாடநூல்கள் திசையைக்கூட வலியுறுத்தும். உச்சியில் உள்ள ஜிவி 20-க்கு ஊசி தோலுக்கு அடியில் படுக்கையாகப் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆழம் எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

தே சீ என்பது ஊசி குத்தியதும் வரும் கனம், மரத்துப்போதல் போன்ற உணர்வு. அதை எதிர்பார்த்தார்கள் என்பது இருக்கிறது, நல்லது. ஆனால் அதை வரவழைக்க ஊசியைத் திருகினார்களா, ஏற்றி இறக்கினார்களா, மின்தூண்டல் கொடுத்தார்களா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பது இல்லை. மின்தூண்டல் என்றால் அதிர்வெண்ணும் வேண்டும். வைத்திருந்த நேரம் இருக்கிறது. ஊசியின் விட்டம், நீளம், தயாரிப்பாளர் அல்லது உலோகம் இல்லை. ‘0.25 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம், துருப்பிடிக்காத எஃகு’ என்று எழுத ஒரு வரிகூட ஆகாது. ஏழில் முழுதாகத் தேறியவை இரண்டு. பெயரும் இடமும் அரைகுறை.

அந்த வாக்கியத்தில் அடிவாங்கும் இன்னொன்று, ‘நாளுக்கு ஒருமுறை’. மொத்தம் எத்தனை அமர்வு, எத்தனை வாரம், இடையில் ஓய்வு நாள் உண்டா என்பது மூன்றாம் தலைப்பில் கேட்கப்படும். ‘10 நாள் ஒரு சுற்று, இரண்டு சுற்றுகள்’ என்று எழுதிவிட்டு, நடுவில் விட்ட நாட்களைச் சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

மற்ற தலைப்புகளைச் சற்று வேகமாகக் கடக்கலாம். முதல் தலைப்பு எந்தப் பாணி அக்குபங்சர், ஏன் இந்தப் புள்ளிகள், நோயாளிக்கு நோயாளி மாற்றினார்களா என்று கேட்கும். ‘நோய்க்குறிக்கு ஏற்பப் புள்ளிகள் சேர்க்கப்பட்டன’ என்றால் எந்தக் குறிக்கு எந்தப் புள்ளி, எத்தனை பேருக்கு என்பது வேண்டும். நான்காவது, கூடவே கொடுத்த மருந்து, பயிற்சி, மூலிகையை எரித்துச் சூடு கொடுக்கும் மோக்ஸா. நோயாளியிடம் என்ன சொன்னார்கள் என்பதும் இதில் அடக்கம். ஐந்தாவது, ஊசி குத்தியவரின் தகுதி, அனுபவ ஆண்டுகள். ‘அனுபவமுள்ள மருத்துவர்’ என்றால் ‘இல்லை’ போடுங்கள். யார்தான் தம்மை அனுபவமற்றவர் என்று எழுதுவார்? ஆறாவது ஒப்பீட்டுக் குழு. அதற்குத் தனியாகவே நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒப்பீடும் மறைப்பும்

ஒப்பீடு மருந்து என்றால் பெயர், அளவு, நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் ஆகிய நான்கும் வேண்டும். பீட்டாஹிஸ்டின், ஃப்ளுனாரிசின் இரண்டும் இங்கே அடிக்கடி வரும். ‘வழக்கமான மருத்துவம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ‘இல்லை’. பிபிபிவி ஆய்வில் எப்லி போன்ற துகள்-இடமாற்று முறையை இரு குழுவுக்கும் செய்தார்களா என்று கட்டாயம் பாருங்கள். அதைச் செய்துவிட்டு எழுதாமல் விட்டால், அந்தப் பலனெல்லாம் ஊசியின் கணக்கில் ஏறிவிடும்.

போலி ஊசி என்றால் எந்த வகை? புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது ஒன்று. 1998-ல் வெளியான ஸ்ட்ரெயிட்பெர்கர் கருவி போல, மழுங்கிய நுனி தோலில் பட்டு, கைப்பிடிக்குள்ளேயே நழுவிப் போகும் ஊசி இன்னொன்று. நாடக மேடைக் கத்தி மாதிரி. இதைத் தோலில் நிறுத்தி வைக்கச் சிறு வளையமும் ஒட்டுநாடாவும் வேண்டும். தலைசுற்றல் ஆய்வுகளில் உச்சந்தலைப் புள்ளி வழக்கமாக இடம்பெறும். முடியின் மேல் ஒட்டுநாடா ஒட்டாது. அங்கே என்ன செய்தார்கள் என்று எழுதாத அறிக்கை, போலி ஊசியை விவரித்ததாகக் கணக்கில்லை.

மறைப்பைப் பற்றி ‘இரட்டை மறைப்பு’ என்று இருந்தால் பேனாவை எடுங்கள். யார் யார்? ஊசி குத்துபவருக்கு எது உண்மை ஊசி என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். மீதி நோயாளி, அளவிடுபவர், புள்ளிவிவரம் பார்ப்பவர். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வினாத்தாளை நோயாளியே நிரப்புகிறார் என்றால் அளவிடுபவர் அவரேதான். அவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரியுமானால், ‘அளவிடுபவர் மறைக்கப்பட்டார்’ என்ற வரிக்கு அங்கே மதிப்பில்லை. மருந்தையும் ஊசியையும் நேரடியாக ஒப்பிடும் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பலனை அளந்த விதம்

தலைசுற்றலால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதற்கு 1990-ல் வந்த டிஎச்ஐ வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 2 அல்லது 4, மொத்தம் 100. ஒரு நோயாளியின் மதிப்பெண் 18-ஆவது மாறினால்தான் அதை உண்மையான மாற்றமாகக் கொள்ளலாம் என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தியிருந்தால் அது சரிபார்க்கப்பட்டதா, எந்த நாளில் அளந்தார்கள், முதன்மை அளவீடு எது என்பதையெல்லாம் பாருங்கள். நான்கு அளவீடு, மூன்று காலப்புள்ளி வைத்துக்கொண்டு எதையும் முதன்மை என்று அறிவிக்காத அறிக்கை, பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளும் வாய்ப்பைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறது. பதிவு எண் இருந்தால் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பதிவுத் தேடலில் போட்டு, பதிவான முதன்மை அளவீடும் அச்சானதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். முதல் நோயாளி சேர்ந்த தேதிக்குப் பிறகு பதிவு செய்திருந்தால் அதையும் குறியுங்கள்.

இந்தத் துறையில் தனியாக எச்சரிக்க வேண்டியது ‘மொத்தப் பலன் விகிதம்’. நோயாளிகளைக் குணம், நல்ல பலன், பலன், பலனில்லை என்று நான்காகப் பிரித்து, முதல் மூன்றையும் கூட்டிவிடுவார்கள். கணக்குக்காக ஓர் உதாரணம்: ஊசிக் குழுவில் 30 பேர்; 8 குணம், 11 நல்ல பலன், 9 பலன், 2 இல்லை. ஒப்பீட்டுக் குழுவில் 30 பேர். 5, 8, 12, 5. சுருக்கத்தில் ‘93.3 சதவீதத்துக்கு எதிராக 83.3 சதவீதம்’ என்று வரும். வித்தியாசம் மூன்றே பேர். இரு குழு விகிதங்களை ஒப்பிடும் கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டால் பி மதிப்பு சுமார் 0.23, அதாவது தற்செயலாகவே வரக்கூடியது. ‘பலன்’ என்பதற்கும் ‘நல்ல பலன்’ என்பதற்கும் எல்லை எங்கே, யார் முடிவு செய்தார் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அந்த விகிதத்துக்குப் பொருளே இல்லை. கழுத்து ரத்தக் குழாயின் ஓட்ட வேகத்தை டாப்ளர் என்ற ஒலியலைச் சோதனையில் அளந்து முதன்மைப் பலனாக வைப்பதும் உண்டு. வேகம் கூடியதால் நோயாளிக்குச் சுற்றல் குறைந்தது என்று ஆகிவிடாது.

எண்ணிக்கையும் பாதிப்புகளும்

குழுவுக்கு 30 பேர் ஏன் என்று கேட்டால் பல அறிக்கைகளில் பதில் இருக்காது. டிஎச்ஐ-யில் 10 மதிப்பெண் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சிதறியிருக்கும் அளவு) 20, திறன் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் கொள்ளும் பிழைக்கு வரம்பு 5 சதவீதம் என்றால் குழுவுக்கு 63 பேர் தேவை. ஐந்தில் ஒருவர் விலகுவார் என்று வைத்தால் 79. இந்த நான்கு எண்களும் அறிக்கையில் இருந்தால் நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். ஒன்று விடுபட்டாலும் ‘அரைகுறை’தான்.

எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன் என்பதற்குப் பாய்வுப் படம் தேடுங்கள். 60 பேர் சேர்ந்து, நான்கு வாரம் நாள்தோறும் ஊசி குத்தி, ஒருவர்கூட விலகவில்லை என்றால் படித்து முடித்துவிடாமல் ஒருமுறை நின்று யோசியுங்கள்.

பக்கவிளைவில் ‘எதுவும் நிகழவில்லை’ என்ற வரி போதாது. எப்படிக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்பது வேண்டும். தலைசுற்றல் ஆய்வில் இதற்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஊசி குத்தும்போது சிலருக்கு மயக்கம் வரும். அது ஊசியின் பக்கவிளைவா, நோயின் தாக்குதலா? இரண்டையும் எப்படிப் பிரித்தார்கள் என்று எழுதிய அறிக்கைக்கு மனம்விட்டு ‘உண்டு’ போடலாம்.

இருவர் தனித்தனியாக

மதிப்பீட்டை ஒருவரே செய்யக் கூடாது. முதலில் ஐந்து அறிக்கைகளை இருவரும் போட்டுப் பார்த்து, எங்கே முரண்படுகிறீர்கள் என்று பேசி, ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எதற்கு ‘உண்டு’, எதற்கு ‘அரைகுறை’ என்று விதி எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஒருவர் விடையை மற்றவர் பார்க்காமல் மீதியை முடியுங்கள்.

தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று அளக்கும் எண் கப்பா. 40 அறிக்கையில் ஓர் உட்பிரிவுக்கு இருவரும் ‘உண்டு’ 18, இருவரும் ‘இல்லை’ 14, முதலாமவர் மட்டும் ‘உண்டு’ 6, இரண்டாமவர் மட்டும் 2 என்று வையுங்கள். ஒத்துப்போனது 32, அதாவது 0.80. முதலாமவர் ‘உண்டு’ போட்டது 0.60, இரண்டாமவர் 0.50, ஆகவே தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடியது 0.60 × 0.50 + 0.40 × 0.50 = 0.50. கப்பா (0.80 − 0.50) ÷ (1 − 0.50) = 0.60. ஏதாவது ஓர் உட்பிரிவில் மட்டும் கப்பா சரிந்தால் ஆளைக் குறை சொல்ல வேண்டாம். அந்த உட்பிரிவுக்கு நீங்கள் எழுதிய விதி தெளிவில்லை என்று பொருள்.

எல்லாவற்றையும் கூட்டி ‘இந்த அறிக்கைக்கு 54-க்கு 31’ என்று போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தலைப்பில் ‘சமவாய்ப்பு’ என்ற சொல் இருப்பதற்கும் ஒதுக்கீட்டை மறைத்த விவரம் இருப்பதற்கும் ஒரே மதிப்பெண் என்றால் கூட்டுத்தொகை எதைச் சொல்லும்? உட்பிரிவு வாரியாக எத்தனை சதவீத அறிக்கைகளில் இருக்கிறது என்று காட்டுங்கள்; ‘பொருந்தாது’ என்றவற்றை வகுக்கும் எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள். ஒரே ஆய்வு இரண்டு ஆய்விதழ்களில் வந்திருந்தால் அதை ஒன்றாகவே எண்ண வேண்டும். நோயாளி எண்ணிக்கை, சேர்த்த மாதங்கள், பதிவு எண் மூன்றையும் ஒப்பிட்டால் பிடித்துவிடலாம்.

விடுபட்ட விவரம் கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது நல்ல பழக்கம். ‘சமவாய்ப்பு செய்தீர்களா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்றே பதில் வரும். ‘வரிசையை உருவாக்கியவர் யார், எதைக் கொண்டு, அதை எங்கே வைத்திருந்தார்’ என்று கேளுங்கள். வரும் பதிலைத் தனிப் பத்தியில் போட்டு ரோப் 2 தாளுக்குப் பயன்படுத்துங்கள். அறிக்கைத் தரத்துக்கான பத்தியில் ஏற்கெனவே போட்ட ‘இல்லை’யை அதற்காக மாற்ற வேண்டாம்.